தென்னை வெள்ளை ஈக்கு நான் வாங்கிய யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னை. 2016இல் பொள்ளாச்சி வட்டாரத்தில், ஓலையின் அடிப்பக்கம் ஒட்டிச் சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ தலைகாட்டியதிலிருந்து, ஓலையைத் திருப்பிப் பார்க்காமல் நான் தோப்பை விட்டு வந்ததில்லை. பூச்சிமருந்து அடிக்காதீங்க, வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் என்கார்சியா குளவி பெருகட்டும் என்றார் வேளாண் அலுவலர். பெருகுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அந்தக் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்காகவே ஆன்லைனில் 1,450 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன். எட்டு மாதமாகக் கையில் இருக்கிறது.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது: குளவியைத் தேடி அலைய வேண்டாம், அது விட்டுப்போன துளையைப் பார்த்தால் போதும். வெள்ளை ஈ தானே வெளியேறிய கூட்டில், அதாவது குஞ்சு விட்டுப்போன தோலில், முதுகுப்பக்கம் ஆங்கில 'டி' எழுத்துபோலப் பிளந்திருக்கும். உள்ளே வளர்ந்த குளவி வெளியே வந்திருந்தால் கடித்துத் திறந்த வட்டத் துளை. மெல்லிய பிரஷால் வெள்ளை ஈ சுரந்த மெழுகைத் தள்ளிவிட்டுக் கருவியை வைத்தால் இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன. ஒரு கீற்றில் நாற்பது கூடுகளை எண்ணினேன், இருபத்தாறில் வட்டத் துளை! அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மருந்து அடிக்கவில்லை. குளவி இன்னும் வெளிவராத கூடுகளோடு சில ஓலைத் துண்டுகளை நறுக்கிப் பக்கத்துத் தோப்பு மரங்களிலும் கட்டிவிட்டோம்.

குறைகளும் உண்டு. பெட்டியில் 1,600 மடங்கு என்று போட்டிருக்கிறது. அளவுகோலை அடியில் வைத்துப் பார்த்தேன்: என் கணினித் திரையில் ஒரு மில்லிமீட்டர் இருபது சென்டிமீட்டராகத்தான் விரிந்தது, அதாவது 200 மடங்கு. இப்படி அச்சடித்து விற்பது தவறு. ஸ்டாண்டு மேசையைத் தொட்டாலே ஆடுகிறது. சுற்றியிருக்கும் எல்இடி வெளிச்சம் மெழுகில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. அதை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், துளையின் விளிம்பு தெளிவாக எழும்பும்.

குளவியின் குடும்பத்தையே பிரித்தறிய நினைப்பவர்களுக்கு இது பற்றாது. பாதத்தில் மூன்று கணு இருந்தால் டிரைக்கோகிராமா குடும்பம், நான்கு இருந்தால் பெரும்பாலும் யூலோஃபிடே என்று படித்துவிட்டு எண்ண உட்கார்ந்தேன். கால் நுனி கலங்கலாகவே இருந்தது. இனம் வரை போக வேண்டுமென்றால் குளவியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, ஆய்வகத்தின் நல்ல மைக்ரோஸ்கோப்பில் உணர்கொம்பையும் சிறகு மயிரையும் பார்க்க வேண்டும். நான் ஓலைத் துண்டைச் சோதனைக்குழாயில் போட்டு வாயை மெல்லிய துணியால் கட்டி, வெளிவரும் குளவிகளை 70 சதவீத ஆல்கஹாலில் சேர்த்து வைக்கிறேன். தேதியும் மர எண்ணும் பென்சிலால் எழுதிப் போடுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

தோப்பிலேயே நின்று பார்க்க இருபது மடங்கு கை லென்ஸ் போதும். எண்ணிக் கணக்கு வைக்கவும் படம் எடுத்து அலுவலரிடம் காட்டவும் இதை வாங்கலாம், ஸ்டாண்டை மட்டும் உள்ளூர் லேத்தில் கனமாகச் செய்துகொள்ளுங்கள்.