டீச்சர் கைநாட்டு வைக்க மாட்டாராம்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பினேன். விமானம், திருச்சியிலிருந்து டாக்சி, சிம் கார்டு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஒரு ஸ்டாம்பு பேடைப் பற்றி. ஊதா மை, ஓரத்தில் துருப்பிடித்த தகர டப்பா. பத்து நாள் என் உயிரை எடுத்தது அதுதான்.

அம்மாவுக்கு 82 வயது. புதுக்கோட்டைப் பக்கம் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து 2001-இல் ஓய்வு பெற்றவர். போன மார்ச்சில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறும். புத்தியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. குழறிக்கொண்டே எங்கள் தப்பையெல்லாம் திருத்துவார்.

பகல் இரவு இரண்டுக்கும் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் திருச்சியில் இருக்கும் தங்கை ஒரு ஏஜென்சியைப் பிடித்தாள். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான் ஏஜென்சி. பதிவுக் கட்டணம் 5,000. 24 மணி நேர ஆளுக்கு மாதம் 24,000, சாப்பாடு நம்முடையது. ஒப்பந்தம் என்று ஒரே ஒரு தாள், அதோடு வருகிறவரின் ஆதார் நகல். நான் இருக்கும் இங்கிலாந்தில் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, உடை மாற்றும் நிறுவனம் என்றால் கேர் குவாலிட்டி கமிஷனில் பதிந்திருக்க வேண்டும். அவர்கள் வந்து சோதிப்பார்கள், அறிக்கையை யாரும் படிக்கலாம். ஊரில் அந்த ஒற்றைத் தாளும் தங்கையின் மூக்கும்தான் சோதனை. மூக்கு என்று சும்மா சொல்லவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் போய் அம்மா அறையில் மூத்திர நாற்றம் வருகிறதா என்று பார்ப்பாள்.

ஏஜென்சி அனுப்பிய அக்கா மணப்பாறைப் பக்கம். தங்கமான மனுஷி. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறார். ஏழு மாதத்தில் ஒரு படுக்கைப் புண் இல்லை. வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. "ஒனக்கு லீவு வேணாமாக்கா?" என்று கேட்டேன். "லீவு போட்டா சம்பளம் போயிருமே தம்பி" என்றார். நாம் கொடுக்கும் 24,000-இல் அவர் கைக்குப் போவது 17,000. இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் காலையில் அவர் கொடுத்த காபியைக் குடித்தேன்.

என் மனைவி இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தில் யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போடுகிறவள். ஒரு நாளைக்கு நான்கு தரம், தரத்துக்கு அரை மணி நேரம், உள்ளே போனதும் செல்போனில் ஒரு தட்டு, கிளம்பும்போது ஒரு தட்டு. அரை மணிக்குள் எழுப்பி, துடைத்து, சாப்பாடு கொடுத்து, மாத்திரை கொடுத்து, எழுதிவைத்துவிட்டு ஓட வேண்டும். நம் ஊர்ப் பெண்களே எத்தனை பேர் இதற்காக விசா வாங்கி வந்தார்கள்! 2022-இல் திறந்த கதவு 2025 ஜூலையில் மூடியும் விட்டது. எங்கள் 24,000 ரூபாய் அப்போது ஏறக்குறைய 205 பவுண்டு. அதைக் கொண்டுபோனால் இங்கிலாந்தில் பத்து மணி நேரத்துக்குக்கூட ஆள் கிடைக்காது.

இங்கிலாந்தில் கவர்ன்மென்ட் எல்லாம் கொடுத்துவிடும் என்று ஊரில் நினைக்கிறார்கள். இல்லை. உள்ளாட்சியான கவுன்சில் வந்து என்னென்ன தேவை என்று பார்க்கும், அது 2014-ஆம் வருடச் சட்டப்படி அவர்கள் கடமை. அப்புறம் சேமிப்பு எவ்வளவு என்று கேட்கும். 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. வீட்டிலேயே பராமரிப்பு என்றால் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அது ஒரு ஆறுதல். சொத்து, வருமானம் எதையும் பார்க்காமல் முதியோருக்கு வரும் உதவித்தொகையும் ஒன்று உண்டு, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். 2025-26-இல் வாரத்துக்கு 73.90 பவுண்டு, ராத்திரி பகல் இரண்டிலும் ஆள் தேவை என்றால் 110.40.

ஊரில் அம்மாவுக்கு என்ன இருக்கிறது? ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நான் நேரில் பார்த்து அசந்துபோனேன், இங்கிலாந்தில் எங்கள் குடும்ப டாக்டர் இதைச் செய்யவே மாட்டார். ஆனால் ராத்திரி புரட்டிப் படுக்கவைக்கிற ஆளுக்குப் பணம் தருவார் யாரும் இல்லை. அம்மாவின் பென்ஷன் இருக்கிறது, 80 தாண்டியதும் கூடிய 20 சதவீதத்தையும் சேர்த்து 40,000-க்குக் கொஞ்சம் மேல். அக்காவுக்கு 24,000, டயப்பர் 3,500, பிசியோதெரபி 4,800. கூட்டினால் 32,300. கச்சிதமாகப் பொருந்துகிற கணக்கு.

நான் பவுண்டில் அனுப்பிவிடுகிறேன் என்று முதல் மாதமே சொன்னேன். அம்மா தலையை ஆட்டிவிட்டார். "என் காசுலதான் எனக்குப் பார்க்கணும்." அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு யார் எதிர்த்துப் பேசுவது?

ஆறு மாதம் தங்கை ஏடிஎம் கார்டு வைத்து ஓட்டினாள். பின் நம்பர் தினக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தது. செப்டம்பரோடு கார்டு காலாவதி. புதுக் கார்டுக்குக் கையெழுத்து வேண்டும். செக்குக்கும் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடும் கை மடியில் கிடக்கிறது. தங்கையைக் கணக்கில் சேர்க்கலாமா என்றால், பென்ஷன் கணக்கில் கணவன் மனைவி தவிர யாரையும் சேர்க்க முடியாது என்றார்கள். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

சரி, நான்தான் ஊருக்கு வருகிறேனே, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. முதல் நாள் கவுண்டரில் "அம்மாவ கூட்டிட்டு வாங்க சார்" என்றார்கள். இரண்டாம் நாள் மேனேஜர் லீவு. மூன்றாம் நாள் மறுபடி "கூட்டிட்டு வாங்க." நடக்க முடியாது என்றேன். "வீல்சேர்ல கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனோம். வேன் பிடித்து, நானும் அக்காவும் டிரைவரும் தூக்கி உட்கார வைத்து. வங்கி வாசலில் அழகான சாய்தளம், கைப்பிடிகூட இருக்கிறது. அதன்மேல் மூன்று பைக்குகள். நகர்த்தச் சொல்லி மேலே ஏறினால் வாசல் கதவில் சங்கிலி. உங்களுக்குத் தெரியுமே, மடக்கு கேட்டைச் சங்கிலி போட்டுக் கட்டி ஒரு ஆள் குனிந்து ஒருக்களித்து நுழைய இடம் விட்டிருப்பார்கள். சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது அந்தச் சங்கிலிக்குக் கீழே நுழைவது எனக்கு விளையாட்டு. அதன் முன்னால் வீல்சேரில் அம்மா உட்கார்ந்திருந்தார், அக்டோபர் மாதத்துப் பதினோரு மணி வெயிலில். சாவி யாரிடம் என்று செக்யூரிட்டி தேடப் போனார். இங்கிலாந்தில் சாய்தளம் இல்லாவிட்டால் வழக்குப் போடலாம். சாய்தளத்தைக் கட்டிவிட்டு அதன் முடிவில் சங்கிலி மாட்டினால் என்ன வழக்குப் போடுவது?

அதற்குள் ஒரு இளம் அதிகாரி வெளியே வந்தார். தெலுங்குக்காரர், புத்தகத் தமிழ் பேசுகிறார். அம்மாவைப் பார்த்துவிட்டு, "இவர்களை ஏன் அழைத்து வந்தீர்கள்? நாங்கள் அல்லவா வர வேண்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உள்ளே மூன்று தரம் கூட்டி வரச் சொன்னது யார்? 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியாயிற்று. எட்டு வருடமாக அந்தச் சுற்றறிக்கை கவுண்டர் வரை நடந்து வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு அவர் வீட்டுக்கே வந்தார், சொன்ன நேரத்துக்கு. கையெழுத்துப் போட முடியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை; இரண்டு சாட்சி வேண்டும், ஒருவர் வங்கி ஆளாக இருக்க வேண்டும். அவர் ஒரு சாட்சி, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற விஏஓ இன்னொரு சாட்சி. பையைத் திறந்து ஸ்டாம்பு பேடை எடுத்து, அம்மாவின் இடது பெருவிரலை மெல்லப் பிடித்தார்.

அம்மா கையை உதறி இழுத்துக்கொண்டார்.

மறுபடி பிடித்தார். மறுபடி உதறல். வலிக்கிறதோ என்று அவர் பயந்துவிட்டார். எனக்கும் முதலில் புரியவில்லை. அம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம்தான் வார்த்தை தெளிவாக விழுந்தது: "கைநாட்டு... வைக்க மாட்டேன்."

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: 1991-இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது இந்த மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் நடந்தது. கல் குவாரிப் பெண்கள், ரத்தினக் கல்லுக்குப் பட்டை தீட்டும் பெண்கள், வயல் வேலைக்காரர்கள் என்று ராத்திரி வகுப்புக்கு வந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பகலெல்லாம் பள்ளிக்கூடம் நடத்திய அம்மா ராத்திரி அங்கே போய்ப் பாடம் நடத்தினார். அந்த வருடம்தான், 48 வயதில், அவரும் சைக்கிள் கற்றுக்கொண்டார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். ரேஷன் கடையில் இனி மை தடவ மாட்டேன் என்று ஒரு கிழவி வகுப்பில் சபதம் போட்டதை அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

அந்த அம்மாவிடம் ஸ்டாம்பு பேடை நீட்டினால்?

விஏஓ மாமா, "டீச்சர், அவசரத்துக்கு ஒரு தரம் வைங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். இத்தனைக்கும் பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கும் வருடாந்திர நேர்காணலுக்குத் தபால்காரர் விரல்ரேகைக் கருவியோடு வீட்டுக்கு வந்தபோது அதே விரலை வைத்தவர்தான். அது மெஷினாம், மை இல்லையாம்.

நான் பொறுமை இழந்து சத்தம் போட்டேன். ஏஜென்சிக்கு ஐந்தாம் தேதியே கொடுத்திருக்க வேண்டும். தாமதமானால் ஆளை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று இரண்டு தடவை போன் வந்துவிட்டது. இடையில் நான் கட்டுகிறேன் என்றாலும் அம்மா விடவில்லை. கதவோரம் நின்ற அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் கத்தியது அவருக்குப் போக வேண்டிய சம்பளத்தைப் பற்றி என்பது பிறகுதான் உறைத்தது.

தெலுங்குத் தம்பி மட்டும் பதறவில்லை. அறிவொளிக் கதையைக் கேட்டார். வெளியே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, "இடது கையால் புதிய மாதிரிக் கையெழுத்துப் போடட்டும். டாக்டர் கடிதம் மட்டும் வையுங்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்றார். இந்த வழி இருப்பதை அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்று நாள் வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. நாலு கோடு போட்ட நோட்டு, பென்சில். நோட்டு நழுவாமல் அக்கா பிடித்துக்கொள்ள, அம்மா தன் பெயரையே திருப்பித் திருப்பி எழுதினார். முதல் நாள் புழு நெளிந்த மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் சுழிகள் தெரிந்தன. நான் உதவப் போனால் விரட்டினார். வெள்ளிக்கிழமை அட்டையில் மூன்று கையெழுத்து. மூன்றும் மூன்று மாதிரி. தம்பி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். புதுக் கார்டுக்கான படிவத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார், பணம் எடுக்கும் சீட்டையும். சாயங்காலமே 24,000 வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பணத்தை எண்ணச் சொல்லி, அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏஜென்சிக்காரர் தாமதத்துக்கு 500 சேர்த்து வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு "வாட்ஸ்அப்ல அனுப்புறேன் சார்" என்றார். இன்னும் வரவில்லை.

நான் திரும்பிவந்து இரண்டு வாரத்தில் புதுக் கார்டு தபாலில் வந்துவிட்டதாம். பின் நம்பரை இந்தத் தடவை காலண்டரில் எழுதக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள் தங்கை.