பிச்சியா ஈஸ்டில் ஆறு வருடம்

ஆறு வருடமாக எங்கள் ஆய்வகத்தில் புரதம் எடுப்பது பிச்சியா பாஸ்டோரிஸ் ஈஸ்டில்தான். ஜிஎஸ்115 ரகம், ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோக பிபிக்9கே பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையம், புரதத்துக்கு முன்னால் அதைச் செல்லுக்கு வெளியே அனுப்பச் சொல்லும் ஆல்ஃபா ஃபேக்டர் சிக்னல். எங்கள் புரதம் எதிர்ப்பொருளிலிருந்து வெட்டி வடிவமைத்த சிறு துண்டு. அது சரியான வடிவத்தில் மடங்க, கந்தக அணுக்களுக்கு இடையே இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகள் விழ வேண்டும்.

ஈ.கோலை பாக்டீரியாவை விட்டு இங்கே வந்ததே செல்லை உடைக்கும் வேலை மிச்சம் என்பதால்தான். பிச்சியா தன் சொந்தப் புரதங்களை மிகக் குறைவாகவே வெளியே விடும். சென்ட்ரிஃபியூஜில் செல்களை இறக்கிவிட்டால் மேலே நிற்கும் திரவத்தில் பெரும்பாலும் நம் புரதம்தான். புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் அந்த ஒற்றைப் பட்டையை முதல் தடவை பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

ஜீன் பிரதிகள் கூடினால் புரதமும் கூடும் என்று முதல் வருடம் நம்பினேன். பிரதி அதிகம் உள்ள செல்களே தாங்கும் ஜி418 ஆன்டிபயாட்டிக்கின் அளவை ஏற்றி ஏற்றி, அதிகப் பிரதி உள்ள குளோனைத் தேர்ந்தெடுத்தேன். திரவத்தில் வந்ததோ பழைய குளோனைவிடக் குறைவு. 1979-இல் நோவிக்கும் ஷெக்மனும் கண்டுபிடித்த, சுரப்பு பாதியில் நின்று உள்ளே சிறு பைகள் குவிந்துபோகும் ஈஸ்ட் திரிபுகள் ஞாபகத்துக்கு வந்தன. சரி, உள்ளே பார்ப்போம் என்று செல்களை உடைத்து, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை போட்டேன். புரதம் அங்கேயே அடைந்து கிடந்தது. செல்லுக்குள் புரதம் மடங்கும் இடமான எண்டோபிளாச வலைக்குள், சரியாக மடங்காததை பிஐபி என்ற துணைப் புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். மடங்கியதுதான் வெளியேறும் வழியில் அடுத்த நிலையமான கோல்கிக்குப் போகும். டைசல்ஃபைடு பிணைப்பு போடும் பிடிஐ நொதியையும் கூடவே உற்பத்தியாக வைத்து, ஜீனை இயக்க மெத்தனால் கொடுக்கும் நாட்களில் வெப்பநிலையை 30-இலிருந்து 22 டிகிரிக்கு இறக்கிய பிறகுதான் வெளியே வர ஆரம்பித்தது.

அப்புறம் மூலக்கூறு எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் புரதத்தின் எடை 400 டால்டன் கூடுதலாகக் காட்டியது. கோல்கியில் கெக்ஸ்2 நொதி சிக்னலை வெட்டியதும் முனையில் மிஞ்சும் இரண்டு குளுடமிக்–அலனின் ஜோடிகளை எஸ்டிஇ13 நொதி நீக்கவில்லை. அந்த நான்கு அமினோ அமிலங்களையும் வடிவமைப்பிலிருந்தே எடுத்துவிட்டோம். கெக்ஸ்2 வெட்டு சற்று மந்தமானது. முனை சுத்தமாக இருப்பதுதான் எங்களுக்கு முக்கியம் என்பதால் ஏற்றுக்கொண்டோம்.

24 மணிக்கு ஒரு முறை 0.5 சதவீத மெத்தனால் ஊற்ற ஞாயிற்றுக்கிழமையும் வந்தாக வேண்டும். மனிதச் செல்லில் சேர்வது போன்ற சர்க்கரைச் சங்கிலி தேவைப்படுபவர்களுக்குச் சாதாரண பிச்சியா சரிவராது. இது மேனோஸ் என்ற சர்க்கரையை அடுக்கிவிடும். டைசல்ஃபைடு உள்ள, சர்க்கரை தேவைப்படாத சிறு புரதம் என்றால் ஒற்றைப் பிரதி குளோனிலேயே தொடங்குங்கள். திரவத்தை எடுத்ததும் கீழே படிந்த செல்களைக் கொட்டிவிடாதீர்கள், அதையும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்.