பதினோரு வருசக் கோட்டும் ஒரு கும்பிடும்

போன வாரம் கோபியிலிருந்து நண்பன் கூப்பிட்டான். ஆவணியில் பையனுக்குக் கல்யாணம், முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். "மாப்ளே, நம்ம செட்டுல கோட்டு போடறவன் நீ ஒருத்தன்தான். பையனுக்குத் தைக்கலாமா, வாடகைக்கு எடுத்துக்கலாமா? சட்டுனு சொல்லு" என்றான். சட்டென்று சொல்ல என்னால் முடியவில்லை. என் கோட்டு அன்றைக்குத்தான் லைனிங் மாற்றி ஈரோட்டிலிருந்து திரும்பி வந்திருந்தது. அதைக் கட்டிலில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. ராத்திரி பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவன். 2014இல் கோவை ஒப்பணக்காரத் தெருவில் துணி எடுத்து, பக்கத்துச் சந்தில் தைத்தேன். அடர் சாம்பல் நிறம், இரண்டு பட்டன், பின்னால் இரண்டு பக்கமும் வெட்டு. துணி 9,400 ரூபாய், கூலி 6,500. பையர் வரும் நாள், பேங்க் கூட்டம், கல்யாணம் காட்சி என்று மாதத்துக்கு நாலைந்து நாள் போடுகிறேன். மற்ற விவரமெல்லாம் எந்தத் துணிக்கடையிலும் சொல்வார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஆம்ஹோலைப் பற்றித்தான், அதாவது கையும் உடம்பும் சேரும் அந்த வளைவு.

இந்தக் கோட்டில் என்னால் கும்பிட முடியாது.

கையைத் தொங்கவிட்டு நின்றால் அழகாக இருக்கும். இரண்டு கையையும் மார்புக்கு நேராகக் கூப்பினால் மொத்தக் கோட்டும் கூடவே மேலே ஏறும். காலர் பொடனியை விட்டு இரண்டு விரல் விலகும், தோள் திண்டு காதுப் பக்கம் போகும், முன்பக்கம் பிளக்கும். கையை இறக்கினாலும் தானாக இறங்காது, பின்னால் கைவிட்டு இழுத்துவிட வேண்டும். நம் ஊர் மண்டப வாசலில் ஒரு முகூர்த்தத்துக்கு எத்தனை பேருக்குக் கும்பிடு போடுகிறோம்! கை குலுக்குவதோடு முடிந்துபோகும் ஊரில் இது பெரிய குறையாகத் தெரியாமல் இருக்கலாம். இங்கே அது மரியாதையோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

2017இல் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் நான். காலையில் சீர் முழுக்க வேட்டியில் இருந்தேன், சாயங்காலம் வரவேற்பில் இந்தக் கோட்டோடு வாசலில் நின்றேன். ஆல்பத்தில் நான் இருக்கும் படம் ஒவ்வொன்றிலும் காலர் கழுத்தைவிட்டு எழும்பி நிற்கிறது. பக்கத்தில் எங்கள் பெரியப்பா வெள்ளை வேட்டி சட்டையில் மடிப்புக் கலையாமல் கை கூப்பி நிற்கிறார். அந்த ஆல்பத்தை அக்கா வீட்டில் எடுக்கும்போதெல்லாம் என் கண் நேராக அந்தக் காலருக்குத்தான் போகிறது.

தைத்தவரிடம் அப்போதே கொண்டுபோய்க் காட்டினேன். "கோட்டுன்னா அப்பிடித்தாங்க இருக்கும், கை எச்சாத் தூக்கப்படாதுங்க" என்றார். துணியோடு பிழைக்கிற நானும் அதை நம்பி இத்தனை வருசம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இந்த மாதம் இடது அக்குளில் லைனிங் மூன்றாவது தடவையாகக் கிழிந்தது. அந்தக் கடைக்குப் போக மனசில்லை. ஈரோட்டில் வயதான மாஸ்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பையிலிருந்து எடுத்து நீட்டினால் அவர் கையில் வாங்கவில்லை. "போட்டுக்குங்க தம்பி" என்றார். போட்டேன். "கும்பிடுங்க" என்றார். கும்பிட்டேன். பின்னால் வந்து காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "சரி, கழட்டிருங்க" என்றார். நான் வாயைத் திறந்து குறை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மேஜையில் கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, பிளேடால் லைனிங் தையலைப் பிரித்தார். முதன்முறையாக என் கோட்டின் வயிற்றைப் பார்த்தேன். முதல் கடைக்காரர் போட்ட சாக்பீஸ் கோடு நீலமாக அப்படியே இருந்தது. மார்புப் பக்கம் வெள்ளையாக ஒரு துணி பசையில் ஒட்டியிருந்தது. "கேன்வாஸ்னு சொல்லிக் காசு வாங்குனாருங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "இது ஒட்டற சரக்குங்க" என்றார். நல்ல கோட்டில் குதிரைமுடி கலந்த கேன்வாஸை உள்ளே வைத்துத் தளர்வாகத் தைப்பார்கள். போடப் போட அது ஆளின் மார்புக்குப் படிந்துவரும். ஒட்டிய துணி அப்படிப் படியாது. டிரை வாஷ் சூட்டில் பசை விட்டால் மேல்துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பும். எனக்கு இடது மார்பில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒன்று இருக்கிறது, அதைச் சரிசெய்ய வழியில்லை. கடைசிப் பட்டனுக்குப் பக்கத்தில் முன்துணியையும் பின்துணியையும் இரண்டு கையாலும் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் கேன்வாஸ். இந்தச் சோதனை 2014இல் எனக்குத் தெரியாது.

அப்புறம் கைக்கு வந்தார். ஆம்ஹோலுக்குள் கையை விட்டுக் காட்டினார். "ரெண்டு வெரல் எறக்கி வெட்டிப்போட்டாருங்க. எறக்கறது கத்திரிக்கு ஒரு நிமிசம். ஏத்தோணும்னா துணி வேணும், அந்தத் துணி அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சுங்க."

ஆம்ஹோல் சின்னதாக, அக்குளை ஒட்டி மேலே இருந்தால்தான் கை தனியாக அசையும். கீழே இறங்கிவிட்டால் கையின் அடிப்பக்கம் உடம்பின் பக்கவாட்டோடு தைக்கப்பட்ட மாதிரி ஆகிவிடும், கையைத் தூக்கினால் மொத்தக் கோட்டும் வரும். அந்த இழுவை முழுக்க லைனிங் மேல் விழுகிறது. அக்குளில் மூன்று தடவை கிழிந்ததற்குக் காரணமும் அதுதான். பின்னே ஏன் இறக்கி வெட்டுகிறார்கள்? கடையில் ட்ரையல் பார்க்கும்போது நாம் கையைத் தொங்கவிட்டு நிற்கிறோம், இறங்கின ஆம்ஹோல் அப்போது லூசாக, சுகமாக இருக்கும். ஏறினது முதலில் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி தெரியும், கஸ்டமர் முகம் சுளிப்பார். அந்த முகச்சுளிப்புக்குப் பயந்து வெட்டுகிற வெட்டு இது.

பாலியஸ்டர் லைனிங்கை எடுத்துவிட்டு விஸ்கோஸ் போட்டுக் கொடுத்தார், அக்குளில் ஒரு சின்ன மடிப்பு அதிகமாக வைத்து. வேர்வை இப்போது அவ்வளவு கசகசக்கவில்லை. கும்பிட்டால் காலர் இன்னும் எழும்புகிறது. அது இந்தக் கோட்டின் ஆயுசுக்கும் அப்படித்தான்.

எல்லோரும் கேட்பது வேறு கேள்வி: இந்த வெயிலில் எப்படிப் போடுகிறீர்கள்? அதில் எனக்கு அவ்வளவு குறையில்லை. என் கோட்டுத் துணி ஒரு மீட்டர் நீளம் 260 கிராம். அகலம் 150 செண்டிமீட்டர். எங்கள் தொழில் கணக்கில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று போட்டால் சுமார் 173 ஜிஎஸ்எம். நாங்கள் தினமும் ஏற்றிவிடும் சாதாரண ரவுண்ட் நெக் பனியன் துணியே 160, 180 ஜிஎஸ்எம்தான். துணி எடையில் இரண்டும் ஒன்று! கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், அப்போதும் மேலே நனைந்த மாதிரி தெரியாது. புழுக்கம் வருவது உள்ளே அடுக்கும் திண்டிலும் பசைத்துணியிலும் பாலியஸ்டர் லைனிங்கிலும்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் கோவையில் நாள் முழுக்கப் போட்டிருக்கிறேன். சித்திரையில் ஈரோட்டில் போட மாட்டேன், யாரையும் போடச் சொல்லவும் மாட்டேன். கறுப்புக் கோட்டு கட்டாயமான வக்கீல்களுக்கே, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர மற்ற கோர்ட்டுகளில், வெயில் காலத்தில் பார் கவுன்சில் விலக்குக் கொடுத்திருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பதினோரு வருசத்தில் நிறம் ஒரு பொட்டு மங்கவில்லை. சுருக்கம் விழுந்தால் ராத்திரி மாட்டிவைத்தால் காலையில் பாதி போய்விடும். பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து மேலே போட்டுத்தான் தேய்ப்பேன், நேராகப் பெட்டி வைத்தால் பளபளப்பு ஏறிவிடும். டிரை வாஷ் வருசத்துக்கு ஒரு தடவை போதும். பேண்ட் மட்டும் ஆறாவது வருசத்தில் உட்காரும் இடத்தில் நைந்துபோனது. கோட்டோடு இரண்டு பேண்டாகத் தைக்கச் சொல்லுங்கள். பிறகு தேடியபோது எனக்கு அதே துணி கிடைக்கவில்லை, இப்போது போடுவது அரைச் சாயல் வித்தியாசம்.

இதையெல்லாம்விடப் பெரிது ஒன்று. இதைப் போட்டால் நான் நிமிர்ந்து உட்காருகிறேன், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிறேன். எங்க ஐயன், அதாவது அப்பா, ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்கு ஒருநாள் கூடக் கசங்கின வேட்டியில் போனதில்லை. "நாலு பேரைப் பாக்கப் போறப்ப அந்த நாலு பேருக்காக உடுத்தோணும்" என்பார். அவருக்கு வெள்ளை வேட்டி செய்த வேலையைத்தான் எனக்கு இந்தக் கோட்டு செய்கிறது.

ஆனால் அந்த நாலு பேர் மாறிவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கோட்டோடு வந்த ஐரோப்பியப் பையர்கள் இன்று ரவுண்ட் நெக்கில் வந்து இறங்குகிறார்கள். அமெரிக்காவின் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியே 2019இல் ஊழியர்களுக்கு உடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கோட்-சூட்டுக்குப் பேர்போன பிரிட்டனில், விலைவாசி கணக்கிடும் பொருள் பட்டியலிலிருந்து 2022இல் ஆண்கள் சூட்டை எடுத்துவிட்டு, தனிக் கோட்டைச் சேர்த்தார்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகும் ஊரில் இருந்துகொண்டு இதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. என் வீட்டு அடுப்பு எரிவதே டீ-ஷர்ட்டால்தான். ஆனால் தொழில் தெரிந்தவனாக ஒன்று தெரிகிறது. பின்னல் துணி கண்ணி கண்ணியாக இருப்பதால் கையைத் தூக்கினால் தானே நீண்டு கொடுக்கும், எங்கள் அளவுச் சார்ட்டில் ஆம்ஹோல் ஒரு செண்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் போடுகிறவருக்குத் தெரியாது. நெய்த கம்பளி அப்படிக் கொடுக்காது, வெட்டுகிறவர் கைதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டு போடும் ஆள் குறையக் குறைய அந்தக் கையும் குறைகிறது. ஈரோட்டு மாஸ்டரிடம் வேலை கற்றுக்கொள்ள ஒரு பையன் கூட இல்லை.

ராத்திரி நண்பனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: தைக்காதே. வாடகையும் வேண்டாம். ரிசப்ஷனுக்கும் பட்டு வேட்டி சட்டையிலேயே நிற்கட்டும். ஒரு சாயங்காலத்துக்காக அவசரத்தில் தைக்கிற கோட்டு என்னுடையதை விட மோசமாகத்தான் வரும். "நீ மட்டும் போடலாமாக்கும்?" என்றான். நான் போடுவேன், உன் பையன் ரிசப்ஷனுக்கும் அதில்தான் வருவேன் என்றேன்.

பையன் கேட்கவே மாட்டான் என்கிறான். அப்படியானால் இப்போதே துணி எடுத்துக் கொடு, கோட்டின் கைகளை நூல் ஓட்டி மட்டும் வைத்து ட்ரையலுக்குக் கூப்பிடச் சொல்லு. கண்ணாடி முன்னால் நிற்க வைக்காதே. உனக்கு நேராக நிறுத்திக் கும்பிடச் சொல்லு. பொடனியில் உன் விரல் நுழைந்தால் கோட்டின் கையைப் பிரித்து மறுபடி வைக்கச் சொல்லு. ஏற்றுவதற்குத் துணி இல்லை என்று தைக்கிறவர் சொன்னால் அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடு.