கன்யன் பஸ் சுற்றுலா: மேலதிகச் சுற்றுகளில் எதற்குக் காசு கட்டலாம், எதை விடலாம்

போன ஓகஸ்ட்டில் நாங்கள் எட்டுப் பேர் அமெரிக்காவில் ஒரு பஸ் சுற்றுலா போய் வந்தோம். ரொறன்ரோவில் இருந்து அண்ணா, அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் இருந்து நான், இவர், மகள், அம்மா. லாஸ் வேகாஸில் ஏறி ஸயன், பிரைஸ் தேசியப் பூங்காக்கள், பேஜ், கிராண்ட் கன்யன் (கன்யன் என்றால் தண்ணீர் அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு) என்று சுற்றி, எட்டாம் நாள் திரும்ப வேகாஸிலேயே இறக்கி விடுவார்கள். வந்த நாளில் இருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அந்த ஒப்ஷனல் எல்லாம் எடுக்க வேணுமோ?" வருகிற வருடம் கோண்டாவில் சித்தி வீட்டுக்காரரும் இதே சுற்றுலாவுக்குப் போக இருக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி விடுகிறேன்.

சுற்றுலாக் காசில் பஸ், ஹோட்டல், காலைச் சாப்பாடு, பூங்கா நுழைவு எல்லாம் அடக்கம். அதற்கு மேல், விரும்பினால் எடுக்கிற சுற்றுகளுக்குத் தனியாக ஒரு தாள் வரும், அதுதான் ஒப்ஷனல். ஹெலி, ஆற்றுப் படகு, ஆன்டிலோப் கன்யன், பவல் ஏரிப் படகு, ஜீப், குதிரை, வேகாஸ் இரவுச் சுற்று என்று எங்களுக்கு ஏழு இருந்தது. இரண்டு மாதத்துக்கு முதலே புள்ளடி போட்டுக் காசு கட்ட வேண்டும், கட்டினால் திரும்பி வராது. ஏழையும் எடுத்தால் ஆளுக்கு 900 டொலருக்கு மேல் போனது. டொலரை 300 ரூபாய் என்று போட்டுப் பாருங்கள், எட்டுப் பேருக்கு இருபது இலட்சத்தைத் தாண்டும். அண்ணாதான் செலவைப் பார்த்தார் என்றாலும் எனக்கு அந்தத் தாளைப் பார்க்க நெஞ்சு அடைத்தது. கடைசியில் மூன்றுக்கு மட்டும் காசு கட்டினோம்.

முதலில் ஆற்றுப் படகு. இது ஒன்றுக்குத்தான் யோசிக்காமல் காசு கட்டுங்கள் என்று சொல்வேன்.

பேஜ் என்கிற சிறிய ஊரில் கொலராடோ ஆற்றை மறித்துக் கிளன் கன்யன் அணையைக் கட்டியிருக்கிறார்கள், உயரம் 216 மீற்றர். பஸ்ஸில் ஏற்றி, பாறைக்குள் குடைந்த நீண்ட சுரங்கப் பாதை வழியாக அணையின் அடிக்கே கொண்டு போகிறார்கள். படகடிக்கு நடக்கும்போது தலைக்கு ஒரு கட்டட வேலைத் தொப்பி தருகிறார்கள். அங்கிருந்து லீஸ் ஃபெரி என்கிற இடம் வரைக்கும் ஏறக்குறைய 24 கிலோமீற்றர் ஆற்றோடு போகிற பயணம். ரப்பர் படகு என்றதும் நுரை தள்ளுகிற வெள்ளத்தில் தூக்கி எறியும் என்று நினைத்து அண்ணி முதலில் வேண்டாம் என்றார். அப்படி ஒன்றும் இல்லை, இந்தத் துண்டில் ஆறு நயினாதீவுக்குப் போகிற கடலை விட அமைதியாக ஓடுகிறது. எட்டு வயது மருமகளும் எழுபத்தொரு வயது அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தார்கள். எடுத்த மூன்று சுற்றிலும் எட்டுப் பேரும் ஒன்றாக இருந்து அனுபவித்தது இது ஒன்றுதான்.

கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் சிவந்தது என்று அர்த்தமாம். ஆனால் நாங்கள் போன இடத்தில் தண்ணீர் பச்சைக் கண்ணாடி. செம்மண் முழுவதும் அணைக்குப் பின்னால் இருக்கிற பவல் ஏரியிலேயே படிந்து விடுகிறது, அதோடு ஏரியின் ஆழத்தில் இருந்து திறந்து விடுவதால் வெளியே வெயில் கொளுத்தும்போதும் தண்ணீர் ஐஸ் மாதிரி. அம்மா படகின் ஓரத்தால் கையை விட்டு, ஒரு கை தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்தார், கீரிமலையில் இறங்குவதற்கு முதல் செய்வாரே, அதே மாதிரி. பிறகு இந்த ஆறா நாளைக்குப் பார்க்கப் போகிற பெரிய பள்ளத்துக்கு அடியில் ஓடுகிறது என்று கேட்டார். இதே ஆறுதான், லீஸ் ஃபெரியில் இருந்துதான் கிராண்ட் கன்யனின் மைல் கணக்கே தொடங்குகிறது என்று படகோட்டி சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். ஆறே இல்லாத குடாநாட்டில் இருந்து போன ஆட்கள் நாங்கள். மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கியாறுதான் எங்களுக்குத் தெரிந்த ஆறு. ஒரு ஆறு பாறையை அறுத்து வைத்திருப்பதை மேலே நின்று பார்ப்பதற்கு முதல் அதற்குள் இருந்து பார்த்தது, பிறகு பார்த்த எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள உதவியது.

நடுவில் ஒரு மணல் கரையில் நிறுத்துவார்கள், பாறையில் பழங்குடி மக்கள் கொத்திய ஆட்டு உருவங்கள் இருக்கின்றன. கழிவறை இருப்பதும் அந்த இடத்தில்தான். வயதானவர்களோடு போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்திருங்கள்.

இனி ஆன்டிலோப் கன்யன். இதில்தான் எங்களுக்குப் பிழைத்தது.

இந்த இடம் நவஹோ என்கிற பழங்குடி மக்களுடைய நிலம், அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது, ஆகவே காசு கட்டித்தான் ஆக வேண்டும். அது நியாயம். ஆனால் ஆன்டிலோப் என்பது ஒரு இடம் இல்லை, இரண்டு. மேல் கன்யன் தரையோடு தரையாக, மணலில் நடந்து உள்ளே போகிற மாதிரி இருக்கும். கீழ் கன்யன் நிலத்துக்கு அடியில் இருக்கிற வெடிப்பு, செங்குத்தான இரும்புப் படிகளால் இறங்க வேண்டும். எங்கள் தாளில் "ஆன்டிலோப் கன்யன்" என்று மட்டும்தான் போட்டிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்று அண்ணா முதலே தொலைபேசியில் கேட்டிருந்தார், சின்ன நடைதான், பிரச்சினை இல்லை என்றார்கள். அங்கே போய் இறங்கிய பிறகுதான் கீழ் கன்யனுக்குப் பதிந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. முதல் படியைப் பார்த்ததுமே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று விட்டார். மற்ற ஆறு பேரையும் அனுப்பி விட்டு, ஒன்றரை மணித்தியாலம் நானும் அம்மாவும் வெளியே ஒரு நிழலில் இருந்தோம். இரண்டு பேருடைய காசும் போனது. காசை விட, இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து அம்மாவை வெளியில் இருத்தி விட்டோமே என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. முழங்கால் வருத்தம் என்று சொன்ன பிறகும் படிகளைப் பற்றி வாய் திறக்காமல் பதிந்தது சுற்றுலாக்காரர் செய்த பெரிய பிழை. வழிகாட்டிகளில் எந்தக் குறையும் இல்லை, அங்கே வேலை செய்த ஒரு நவஹோப் பெண் அம்மாவுக்குத் தன் கதிரையைத் தூக்கிக் கொண்டு வந்து தந்தார்.

மகள் வெளியே வந்தபோது தலைமயிர் முழுவதும் சிவப்பு மணல். "அம்மா, கல்லு, துணியை உதறி அப்படியே நிப்பாட்டின மாதிரி இருக்கு" என்றாள். படங்களைப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. வெள்ளம் சுழன்று சுழன்று ஓடித் தேய்த்த பாறை அது. அந்த வெள்ளம் இன்னமும் வருகிறது. 1997 ஓகஸ்ட் 12ஆம் திகதி, எங்கோ மைல் கணக்கான தூரத்தில் பெய்த மழை இந்தக் கீழ் கன்யனுக்குள் பாய்ந்து 11 பயணிகள் இறந்தார்கள். அங்கே மழையே இல்லாத நேரம் அது. இன்றைக்கு இருக்கிற இறுக்கமான படிகளும் காலநிலைக் கண்காணிப்பும் அதற்குப் பிறகு வந்தவை. ஜூலை, ஓகஸ்ட் அங்கே இடிமழைக் காலம், மழைக்குறி கண்டால் சுற்றையே நிறுத்தி விடுவார்கள். ஆகவே காசு கட்ட முதல் இரண்டு கேள்வி கேளுங்கள்: மேலா, கீழா, மழையால் நின்றால் காசு திரும்புமா.

ஹெலிக்கு வருவோம். ஆளுக்கு 300 டொலருக்கு மேல். அண்ணா, இவர், பதினைந்து வயது மருமகன் மூன்று பேரும் போனார்கள். அம்மா தாளைப் பார்த்த அன்றைக்கே சொல்லி விட்டார், "ஹெலிச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள்ள ஓடின எனக்கு, அதுக்குள்ள காசு குடுத்து ஏற ஏலாது" என்று. நாங்கள் வற்புறுத்தவில்லை.

போனவர்கள் நன்றாக இருந்தது என்கிறார்கள், நான் மறுக்கவில்லை. காட்டுக்கு மேலால் தாழப் பறந்து வந்து திடீரென்று நிலம் இல்லாமல் போகிற அந்த ஒரு கணத்தை மருமகன் இன்னமும் சொல்லுவான். ஆனால் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தாளில் இருந்த படத்தில் ஹெலி பள்ளத்துக்குள், ஆற்றுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. அது கிராண்ட் கன்யனின் மேற்குப் பக்கம், ஹுவலப்பாய் என்கிற பழங்குடி மக்களுடைய நிலத்தில் நடக்கிறது. நாங்கள் போன தெற்கு விளிம்பில் அப்படி இறங்க முடியாது. 1986இல் கிராண்ட் கன்யனுக்கு மேல் ஒரு சுற்றுலா விமானமும் ஹெலியும் மோதி 25 பேர் இறந்தார்கள், அடுத்த வருடமே சட்டம் கொண்டு வந்து தேசியப் பூங்காவில் விளிம்புக்குக் கீழே பறப்பதை நிறுத்தினார்கள். ஆகவே மேலால் பறந்து திரும்புவதுதான். அரை மணித்தியாலப் பறப்புக்கு, நிறை பார்த்து, பாதுகாப்புக் காணொளி காட்டி, வரிசையில் இருத்தி, போய் வர அரை நாள் முடிந்து விட்டது. கிராண்ட் கன்யனில் எங்களுக்குக் கிடைத்ததே ஒன்றரை நாள்.

அந்த அரை நாளில் நாங்கள் மற்ற ஐந்து பேரும் ஒரு சதமும் செலவழிக்காமல் செய்ததைச் சொல்கிறேன். யவப்பாய் புவியியல் அருங்காட்சியகத்தில் இருந்து விளிம்போடு ஒரு பாதை போகிறது, காலப் பாதை என்று சொல்லலாம். ஒரு மீற்றர் நடந்தால் பத்து இலட்சம் வருடம் பின்னால் போகிறோம் என்று கணக்கு. நிலத்தில் மீற்றருக்கு ஒரு உலோக வட்டம் பதித்திருக்கிறார்கள். கன்யனில் இருக்கிற ஒவ்வொரு பாறையிலும் ஒரு துண்டைக் கொண்டு வந்து அதனுடைய வயதுக்கு நேரே வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். தரை சமம், இருக்க வாங்குகள் உண்டு, அம்மா தன் பாட்டில் நடந்தார்.

கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தை வெட்டிய காலம் ஐந்தாறு காலடிக்குள் முடிந்து விடுகிறது. 1.6 கிலோமீற்றருக்கு மேல் ஆழம், 446 கிலோமீற்றர் நீளம், அவ்வளவும் ஐந்தாறு காலடி! எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, முதல் 23 காலடிக்குள் அடங்கும் என்று மகளுக்குக் காட்டினேன். விளிம்பில் நாங்கள் நின்ற கைபாப் சுண்ணாம்புக்கல் 270ஆவது மீற்றரில் வருகிறது. அம்மா அதில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்து விட்டு, "இது எங்கட கிணத்துக் கல்லெல்லோ" என்றார். வயது வேறு, ஆனால் கல் அதே இனம், அதுவும் கடலடியில் படிந்ததுதான். கிணறு வெட்டும்போது வருகிற கல்லையும், காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குத் தோண்டிய பள்ளத்தையும் பார்த்து வளர்ந்தவர் அவர், அவருக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் 184 கோடி வருடம் வரைக்கும் ஓடிப் போய் வந்தார்கள்.

மற்ற நாலைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. ஜீப்பில் சூரிய அஸ்தமனம் பார்க்கக் கூட்டிப் போகிறது தேவையே இல்லை, பூங்காவின் இலவச பஸ்ஸில் ஏறி விளிம்பில் எந்த இடத்தில் இறங்கினாலும் அதே சூரியன்தான். பிரைஸில் குதிரைக்குப் பதிலாக விடிய எழும்பி விளிம்பில் நடந்து பாருங்கள், பத்து மாடி உயரத்துக்கு வளர்ந்த கறையான் புற்றுக் கூட்டம் மாதிரிச் செம்மஞ்சள் தூண்கள், வெயில் பட்டதும் உள்ளே விளக்குக் கொளுத்தின மாதிரி இருக்கும். ஆற்றுப் படகு எடுத்தால் ஏரிப் படகு வேண்டாம். வேகாஸ் இரவுச் சுற்றை விட்டு விட்டு நித்திரை கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு பூங்காவிலும் போனவுடன் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள். மகள் மூன்று பூங்காவிலும் பயிற்சிகளைச் செய்து முடித்து, ரேஞ்சருக்கு முன்னால் கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லி, மூன்று சின்னம் (பட்ஜ்) வாங்கினாள். இப்போது அவளுடைய பள்ளிக்கூடப் பையில் குத்தியிருக்கிறது. இதற்கும் காசு இல்லை.

நேரம் ஒரு தலையிடி. கோடையில் ஸயனும் பிரைஸும் இருக்கிற யூட்டா மாநிலம், பேஜும் கிராண்ட் கன்யனும் இருக்கிற அரிசோனா மாநிலத்தை விட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. நவஹோ நிலம் யூட்டாவோடு போகும், ஆனால் பேஜும் ஆன்டிலோப் சுற்றுகளும் அரிசோனா நேரம். கைத்தொலைபேசி தன் பாட்டில் முன்னும் பின்னும் மாறும், ஆகவே சுற்றுக்கு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதை வழிகாட்டியிடம் வாயால் கேளுங்கள். பாலைவனம் என்றாலும் உயரத்தையும் யோசியுங்கள், கிராண்ட் கன்யன் தெற்கு விளிம்பு நுவரெலியாவை விட உயரம், பிரைஸ் ஏறக்குறைய பிதுருதலாகலை உச்சி அளவு. அம்மாவுக்கு அங்கே மூச்சு வாங்கியது. அப்புறம், தாளில் இருக்கிற விலையில் வழிகாட்டிக்குக் கொடுக்கிற டிப்ஸ் அடக்கம் இல்லை, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சித்திக்கு முழங்கால் அம்மாவை விட மோசம். அவருடைய தாளில் ஆற்றுப் படகுக்கும் ஆன்டிலோப்புக்கும் மட்டும் புள்ளடி போட்டு, ஆன்டிலோப்புக்குப் பக்கத்தில் மேல் கன்யன் என்று நானே பெரிய எழுத்தில் எழுதி, சரி என்று அவர்கள் எழுத்தில் பதில் தரும் வரைக்கும் காசு கட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.