மர்மலேட்: டண்டீயா, ஆக்ஸ்ஃபோர்டா, கோல்டன் ஷ்ரெட்டா?

ஆரஞ்சுத் தோலை நறுக்கிப் போட்டுச் சர்க்கரையோடு காய்ச்சும் ஜாம்தான் மர்மலேட். பிரிட்டனில் அதன் ரசிகர்களுக்குள் சண்டையே தோலை எப்படி நறுக்குவது என்பதில்தான். பழத்தில் பெரிய தகராறு இல்லை. ஜனவரி வாக்கில் சில வாரங்கள் மட்டும் வரும் ஸ்பெயினின் செவில் ஆரஞ்சு. உரித்துச் சாப்பிட முடியாத கசப்பு. ஆனால் விதையிலும் தோலுக்கு உட்புற வெள்ளைப் பகுதியிலும் பெக்டின் அபாரமாக இருப்பதால், அவற்றைத் துணியில் முடிந்து கூடவே கொதிக்கவிட்டால் போதும், பாகு தானாக இறுகிவிடும்.

சரி, மூன்று பாணிகளில் முதலில் டண்டீ. புயலுக்கு ஒதுங்கிய ஸ்பானியக் கப்பலில் மலிவாகக் கிடைத்த ஆரஞ்சை வைத்து ஜேனட் கெய்லர் என்ற அம்மா மர்மலேட்டைக் கண்டுபிடித்ததாக அந்த ஸ்காட்லாந்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கதை ஜோர்தான். ஆனால் 1677லேயே இங்கிலாந்தில் ஆரஞ்சு மர்மலேட்டுக்குக் கையெழுத்துச் செய்முறை இருக்கிறது. அதற்கும் முன்னால் போர்ச்சுகலில் இருந்து பெட்டி பெட்டியாக வந்தது சீமைமாதுளையில் (குயின்ஸ் பழம்) செய்த கெட்டி மர்மலேட். கத்தியால் வெட்டித்தான் தின்ன வேண்டும். 1797இல் தொழில் தொடங்கிய கெய்லர் குடும்பத்தின் பங்கு வேறு: தோலை மெல்லிய கீற்றுகளாகப் போட்டு, ரொட்டியில் தடவும் பதத்துக்குத் தளர்த்தி, காலை உணவாக ஊரெங்கும் விற்றது. கசப்பும் இனிப்பும் ஏறக்குறைய சமம். தினமும் சாப்பிட ஏற்றது.

ஆக்ஸ்ஃபோர்டு இதற்கு நேர் எதிர். 1874இல் சாரா கூப்பர் வீட்டில் காய்ச்சியதை, கணவர் ஃபிராங்க் தன் மளிகைக் கடையில் வைத்து விற்றார். தடித்தடியான தோல் துண்டுகள், கருத்த நிறம், நாக்கில் நின்று பேசும் கசப்பு. 1957இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலில் ஜேம்ஸ் பாண்டின் காலை மேசையில் இருப்பது கூப்பரின் விண்டேஜ் ஆக்ஸ்ஃபோர்டுதான். உப்பு வெண்ணெய் தடவிய டோஸ்ட்டுக்கு என் ஓட்டும் இதற்கே.

கோல்டன் ஷ்ரெட், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ராபர்ட்சன் குடும்பம் 1860களில் கொண்டுவந்தது. கண்ணாடி போலத் தெளிந்த ஜெல்லி, நூல் போன்ற தோல், இனிப்பு தூக்கல். கசப்புப் பிரியர்கள் இதை மர்மலேட் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் சாண்ட்விச் என்று வந்தால் இது ஜெயித்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் துண்டுகள் மெத்தென்ற ரொட்டிக்குள் நிற்காமல் ஓரத்தில் பிதுங்கி விழும். 1958 முதல் சிறுவர் கதைகளில் தொப்பிக்குள் மர்மலேட் சாண்ட்விச் வைத்துத் திரியும் பாடிங்டன் கரடிக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். 2022 ஜூனில் எலிசபெத் ராணி அந்தக் கரடியோடு நடித்து, கைப்பையிலிருந்து சாண்ட்விச் எடுத்துக் காட்டினாரே, அந்தச் செப்டம்பரில் அவர் இறந்ததும் மக்கள் லண்டன் பூங்காக்களில் பூக்களோடு மர்மலேட் சாண்ட்விச்சையும் கொண்டுபோய் வைத்தார்கள். கடைசியில், தயவுசெய்து சாண்ட்விச் வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

வீட்டில் காய்ச்சுபவர்கள் முதல் தடவை ஆக்ஸ்ஃபோர்டு பாணியில் இறங்காமல் மெல்லிசாகவே நறுக்கலாம். தோல் விரலால் நசுக்கினால் மசியும்வரை வெந்த பிறகுதான் சர்க்கரை. சர்க்கரை விழுந்துவிட்டால் தோல் அதற்குமேல் மெத்தென்று ஆகாது. தடித்த துண்டு என்றால் ரப்பரைக் கடிப்பதுபோல்தான் இருக்கும்.