தமேலில் பழைய ஸ்லீப்பிங் பேக்கை விற்றேன்

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை, அதாவது 5,364 மீட்டர் உயரம் போய்விட்டுக் காத்மாண்டு திரும்பினேன். சென்னையில் இனி இறகு அடைத்த டவுன் ஜாக்கெட்டும், உள்ளே நுழைந்து தூங்கும் இறகு ஸ்லீப்பிங் பேக்கும் எதற்கு? காத்மாண்டுவின் தமேல் பகுதிச் சந்துகளில் பழைய மலையேற்றச் சாமான்களை வாங்கும் கடைகள் இருக்கின்றன.

முதல் கடையில் பொருளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பணமும் கிடையாதாம், நான் அவர்கள் சரக்கை வாங்கினால் விலையில் கழித்துக்கொள்வார்களாம். கோபமாக வந்தது, வெளியேறிவிட்டேன்.

இரண்டாவது கடைக்காரர் அருமையான மனிதர். ஸ்லீப்பிங் பேக்கை உதறி விரித்து, எனக்கு டீ வரவழைத்தார். குடித்து முடிப்பதற்குள் இறகு உப்பி எழுகிறதா என்று பார்க்கத்தான் அந்த நேரம். மாதக்கணக்கில் அமுக்கிச் சுருட்டி வைத்தால் அது எழாது, சூடும் தராது. நான் வீட்டில் எப்போதும் விரித்தே வைத்திருந்தேன், அது பலன் தந்தது. ஜிப்பை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் 8,000 நேபாள ரூபாய், நம் பணத்தில் 5,000, கையிலேயே எண்ணிக் கொடுத்தார். ஜாக்கெட்டின் தையலைப் பார்த்ததுமே அது உள்ளூர் நகல் என்று சொல்லிவிட்டார், அதற்கு 1,600 நேபாள ரூபாய்தான். அடிப்பாகம் பிரியத் தொடங்கிய பூட்ஸை வேண்டாம் என்றார், நியாயம்தான்.

போகிறவர்கள் துவைத்து, நன்றாகக் காயவைத்துக் கொண்டு போங்கள். மதியத்துக்குள் போனால் நிதானமாகப் பார்க்கிறார்கள்.