ஐந்தாம் எண்ணின் இரண்டாவது பாட்டில்

தனி ஆளாக உட்கார்ந்து வாசனை கலந்து விற்கும் ஒருவரிடமிருந்து எனக்கு முதல் பெட்டி வந்து பதினைந்து மாதம் ஆகிறது. எட்டுக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் 2 மி.லி. பெயர் கிடையாது, பேனாவால் எழுதிய எண் மட்டும்தான். எட்டாம் எண்ணின் மூடி சரியாக இறுகாததால் வழியிலேயே கசிந்து கால்வாசிதான் மிஞ்சியிருந்தது. கசிந்த ஆல்கஹாலில் மசியும் கரைந்து, எண் பார்வைக்கு 3 போல ஆகிவிட்டது. அதனால் முதல் இரண்டு வாரம் என்னிடம் இரண்டு மூன்றாம் எண்கள் இருந்தன. ஒன்று நன்றாகவும் இன்னொன்று சுமாராகவும் இருக்கிறதே என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

தயாரிப்பவர் யார் என்று சொல்லப்போவதில்லை. ஒற்றை ஆள் தொழில், நான் குறையும் சொல்லப்போகிறேன். எனக்கு நேர்ந்தது எந்தச் சிறு தயாரிப்பாளரிடம் வாங்கினாலும் நேரக்கூடியதுதான்.

முதல் நாள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டையும் ஒரே மாலையில் முகர்ந்து முடித்தேன். மணிக்கட்டில் இரண்டு, முழங்கை மடிப்பில் இரண்டு, மிச்சம் தாள் பட்டைகளில். நான்காவதைத் தாண்டியதும் எல்லாமே ஒரே இனிப்பாகத் தெரிந்தது. ஒரே வகை மணத்தை விடாமல் முகர்ந்தால் மூக்கு அதை அறிவிப்பதையே நிறுத்திவிடுகிறது. காபிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று சொல்வார்கள். சோதனை செய்து பார்த்தவர்கள், அதற்கும் சும்மா காற்றை முகர்வதற்கும் வித்தியாசம் இல்லை என்றுதான் கண்டிருக்கிறார்கள். வாசலுக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றால் போதும். நான் அதைக்கூடச் செய்யாமல் அன்றைக்கே நோட்டில் மதிப்பெண் போட்டேன்: ஒன்றுக்கு ஒன்பது, நான்குக்கு எட்டு, ஐந்துக்கு மூன்று, இரண்டுக்குப் பூஜ்யம்.

இரண்டாம் எண்ணுக்குப் பூஜ்யம் போட்டதற்குக் காரணம், அதில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. வெறும் ஆல்கஹாலை அடைத்து அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன். சண்டை போடலாம் என்று கடிதம்கூட யோசித்துவிட்டேன். அந்த வாரக் கடைசியில் அக்கா வந்திருந்தாள். அவளிடம் காட்டலாம் என்று கையில் இரண்டு முறை அடித்துக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்ததுமே, "என்னடி, அலமாரியில துவைச்சு அடுக்கின துணி மாதிரி இவ்ளோ மணக்குது?" என்றாள். நான் கையை மூக்கில் வைத்து உறிஞ்சுகிறேன், ஒன்றுமே இல்லை. அவளுக்கோ நான்கு அடி தூரத்திலேயே தெரிகிறது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சலவைத் தூளிலும் துணி மென்மையாக்கியிலும் போடும் செயற்கைக் கஸ்தூரிகளில் சிலவற்றின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றில் ஒன்றோ இரண்டோ சிலரின் மூக்குக்கு எட்டவே எட்டாது. மனிதருக்குச் சுமார் 400 வகை மண ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒருவருக்கு உரக்கக் கேட்பது இன்னொருவருக்கு மௌனம். அந்த மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2004-இல் லிண்டா பக்குக்கும் ரிச்சர்ட் ஆக்சலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குற்றம் குப்பியில் இல்லை, என் மூக்கில். இரண்டாம் எண்ணை அக்கா எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாசனையைத் திட்டுவதற்கு முன்னால் இன்னொரு மூக்கைக் கேட்பது என்ற வழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது.

அதன் பிறகு ஒழுங்காகச் செய்தேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான், தோலில்தான், காலையில்தான். ஒரே எண்ணை மூன்று தனித்தனி நாட்களில் போட்டு, அரை மணி நேரம், நான்கு மணி நேரம், இரவு என்று மூன்று முறை குறிப்பு எழுதினேன். தாள் பட்டை பொய் சொல்லாது, ஆனால் அது தோலும் அல்ல. தோலுக்குச் சூடு உண்டு, எண்ணெய்ப் பசை உண்டு. மணிக்கட்டைத் தேய்க்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எதோ உடைந்துபோய்விடும் என்பதற்காக அல்ல. தேய்த்தால் சூடேறி, முதலில் எழும் மேல்வாசனை சீக்கிரம் பறந்துவிடும், அவ்வளவுதான்.

இந்த முறையில் என் மதிப்பெண்கள் தலைகீழாயின. ஒன்பது வாங்கிய ஒன்றாம் எண்ணில் எலுமிச்சை, பெர்கமோட், ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்ந்து முதல் பத்து நிமிடம் திருவிழா. நாற்பதாவது நிமிடத்தில் கையில் ஒன்றுமில்லை. பெட்டியோடு வந்த சீட்டில் இதற்கு 20 சதவீதம் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து நாள் முழுக்க நிற்கும் என்று நம்பியிருந்தேன். அந்த எண், ஆல்கஹாலில் எவ்வளவு வாசனைப் பொருள் கலந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. எலுமிச்சை வகை எண்ணெய்கள் எவ்வளவு கலந்தாலும் பறக்கத்தான் செய்யும். பிசினும் மரமும் வேரும் குறைவாகக் கலந்தாலே மறுநாள் வரை சட்டைக் காலரில் உட்கார்ந்திருக்கும். ஆகவே சதவீதத்தைப் பார்த்து வாங்காதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

பெர்கமோட் இருந்ததால் இன்னொன்றையும் கேட்டேன். பழத்தோலைப் பிழிந்தெடுக்கும் பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கும். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் காந்தும், கருந்தழும்பும் விழலாம். அதை நீக்கிய எண்ணெயும் கிடைக்கிறது. தான் போடுவது நீக்கியதுதான் என்று அவர் உடனே பதில் எழுதினார். நல்லது. ஆனால் அதைச் சீட்டில் போடாததும், எந்தக் குப்பியிலும் கலந்த தேதி இல்லாததும், ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களின் பட்டியல் இல்லாததும் குறைதான். கேட்டால் சொல்கிறார் என்பது, கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானே உதவும்?

சரி, ஐந்தாம் எண்ணுக்கு வருகிறேன். முதல் நாள் மூன்று மதிப்பெண் போட்டேன் என்றேன் அல்லவா, பக்கத்தில் "நெடி, ஈர மண், எரிந்த கயிறு" என்று எழுதி வைத்திருந்தேன். இதன் அடிவாசனை, அதாவது கடைசிவரை தங்கும் மணம், வெட்டிவேர். உலகம் முழுக்க வாசனை கலப்பவர்கள் 'வெட்டிவெர்' என்று சொல்வது நம் சொல்லைத்தான், பிரெஞ்சு வழியாகப் போய்ச் சேர்ந்தது. வேரைத் தோண்டிக் கழுவி, உலர்த்தி, மணிக்கணக்கில் நீராவியில் வடித்தால் கெட்டியான எண்ணெய் இறங்கும். ஹைட்டியில் விளைவது சற்றே தெளிவான மணம் என்றும், ஜாவாவில் விளைவது புகை தூக்கலானது என்றும் சொல்வார்கள். இவர் போடுவது ஜாவா வேர்.

முதல் அரை மணி நேரம் ஐந்தாம் எண் என்னோடு ஒத்துப்போகவில்லை. மேலே ஆரஞ்சுத் தோலின் கூர்மை, கீழே வேரின் புகை, இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. மதியத்துக்கு மேல்தான் அது இறங்கி வந்தது. வெயில் காய்ந்த மரப்பலகையை மூக்கருகே வைத்தது போல, லேசான கசப்போடு ஒரு குளிர்ச்சி. மூன்றாம் முறை போட்ட அன்று இரவு எட்டு மணிக்கு நோட்டில் எழுத உட்கார்ந்தபோது, அன்றைக்கு அதைப் போட்டிருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டிருந்தேன். முழங்கையை மடக்கும்போது ஒருதரம் வந்து போனது. அவ்வளவுதான், 10 மி.லி. பாட்டில் ஒன்று வாங்கிவிட்டேன்.

பத்து மி.லி. என்றால் ஏறக்குறைய நூறு முறை அடிக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று, வாரத்தில் ஒரு நாள் போட்டதில் எட்டு மாதம் ஓடியது. அடியில் ஒரு விரல் தடிமன் மிச்சமிருக்கும்போது 30 மி.லி. பாட்டிலாகவே சொல்லிவிட்டேன்.

வந்தது. அடித்துப் பார்த்தேன். அது என் ஐந்தாம் எண்ணே இல்லை.

மேலே ஆரஞ்சு கத்துகிறது. ஆல்கஹாலின் காரம் மூக்கில் ஏறுகிறது. நடுவில் ஏதோ ஒரு பிசிறு. பெரிய பாட்டிலுக்கு மலிவான சரக்கைப் போட்டுவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படியே எழுதியும் அனுப்பிவிட்டேன், கொஞ்சம் காரமாகவே. பதில் அமைதியாக வந்தது: பாட்டில் கலந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அவசரமாகக் கேட்டதால் அனுப்பிவிட்டேன், இருட்டில் இரண்டு மாதம் திறக்காமல் வையுங்கள், வேர் எண்ணெய் போன வருடத்து அறுவடை இல்லை, அதனால் சின்ன மாற்றம் இருக்கும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

சமாதானமாகவில்லை. சாக்குச் சொல்கிறாரா, உண்மையா என்று நானே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அக்காவை வரச்சொன்னேன். ஆறு தாள் பட்டைகளில் மூன்றில் பழைய பாட்டில், மூன்றில் புதியது. பின்பக்கம் பென்சிலில் குறி வைத்து, கலைத்து, என் கண்ணில் படாமல் ஒவ்வொன்றாக நீட்டினாள். முதல் சுற்றில், அதாவது ஐந்து நிமிடத்தில், ஆறையும் சரியாகப் பிரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அவ்வளவு வித்தியாசம். நான்கு மணி நேரம் கழித்து அதே பட்டைகளை மறுபடி கொடுத்தாள். ஆறில் நான்குதான் சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்று வந்திருக்கும். "உனக்கு ஒண்ணும் தெரியலடி" என்று சிரித்தாள்.

எனக்குத் தெரிய வேண்டியது அதிலேயே தெரிந்துவிட்டது. மலிவான சரக்கு என்றால் அடிவாசனைதான் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் விலை அங்கேதான் இருக்கிறது. வித்தியாசம் இருந்தது மேலே. அப்படியானால் மாறியது புதிய பாட்டில் மட்டும் இல்லை, பழையதும்தான். எட்டு மாதம் திறந்து திறந்து அடித்ததில் பாட்டிலில் முக்கால்வாசி காற்று. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் காற்று பட்டால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து மாறும். என் பாட்டிலில் ஆரஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போயிருக்கிறது. வாரம் ஒருமுறை போட்டதால் எனக்கு அது உறைக்கவில்லை. நான் இவ்வளவு நாள் கொண்டாடியது பாதி கெட்டுப்போன ஐந்தாம் எண்ணை! (லிமோனீன் மாறி உண்டாகும் பொருட்கள் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. பழைய எலுமிச்சை வகை வாசனைகளைப் பத்திரப்படுத்தி வைக்க நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அவர் சொன்ன இரண்டு மாதமும் சாக்கு இல்லை. கலந்த புதிதில் ஆல்கஹாலும், ஆல்டிஹைடுகள் என்ற வாசனைப் பொருட்களும் மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும், அந்தக் கூர்மை அடங்க நாள் பிடிக்கும். துணி அலமாரியின் அடித்தட்டில், பழைய சால்வைக்குள் சுற்றி வைத்தேன். ஒன்பதாவது வாரம் எடுத்தேன். காரம் போயிருந்தது. பிசிறும் போயிருந்தது. ஆரஞ்சு இருந்தது, ஆனால் கத்தவில்லை. வேரின் புகை மட்டும் பழையதைவிட ஒரு பிடி குறைவு. அறுவடை மாறியதாக அவர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். பெரிய கம்பெனிகள் பல அறுவடைகளைக் கலந்து, செயற்கைப் பொருளால் ஈடுகட்டி, ஒவ்வொரு பாட்டிலையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. எனக்கு அந்தப் புகை வேண்டும் என்பதால் இது குறைதான், மறைக்கவில்லை. பத்துக்கு எட்டு கொடுப்பேன்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. நான்காம் எண் வனிலா. நல்ல கனமான இனிப்பு, குளிர்ந்த நாளுக்குச் சரி, வெயிலில் தலைவலி. இரண்டு மாதத்தில் தேநீர் நிறத்துக்குப் போய்விட்டது. பயப்பட வேண்டாம், வனிலின் இருந்தால் அப்படித்தான் பழுப்பாகும். வெள்ளைச் சட்டையில் மட்டும் அடித்துவிடாதீர்கள், எனக்கு ஒரு சட்டை போயிற்று. ஆறு, ஏழு இரண்டும் ரோஜா, இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நிஜ மூன்றாம் எண் மல்லிகை, பக்கத்தில் போனால் லேசாக அழுகல் வாடை தெரியும். மல்லிகையில் அந்த வாடையைத் தரும் இண்டோல் என்ற பொருள் இயற்கையாகவே உண்டு என்பதால் அது குற்றமில்லை, ஆனால் எனக்குப் பிடிக்கவும் இல்லை. கசிந்துபோன எட்டாம் எண்தான் ஏக்கமாகவே நின்றுவிட்டது. சந்தனம் போல ஏதோ ஒன்று, இரண்டு நாள் போடத்தான் இருந்தது. இன்னொரு குப்பி கேட்டேன், அதைக் கலப்பதை நிறுத்திவிட்டாராம்.

காரமாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு அவருக்கு இன்னொரு கடிதம் போட்டேன். தாள் பட்டைச் சோதனையையும் விவரித்திருந்தேன். இப்போது வரும் குப்பிகளில் எண்ணுக்குக் கீழே கலந்த தேதி எழுதி வருகிறது. அதே பேனாதான், கசிந்தால் அதுவும் கரையும்.